மாமனார் வளர்த்த முயலின் வாய்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், ஊத்துக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நான் வாழ்க்கைப்பட்டேன். வீட்டில் மூன்று பேர்தான்: நான், என் கணவர், மாமனார். மாமியார் இறந்து நாலு வருஷமாகியிருந்தது. தனியாகக் கிடக்கும் அப்பாவுக்குத் துணையாக இருக்கட்டும் என்று என் கணவர் பட்டணத்து மூர் மார்க்கெட்டில் ஒரு வெள்ளைச் சீமை முயலை வாங்கிவந்து கொடுத்திருந்தார்.

மாமனாருக்கு வாயில் ஒரு பல்கூடக் கிடையாது. காலையில் பன்னைக் காபியில் ஊறப்போட்டு ஈறாலேயே மென்று கூழாக்குவார். பாதியை விழுங்குவார். மீதியை உள்ளங்கையில் துப்பி முயலிடம் நீட்டுவார். அது நக்கித் தின்னும். மத்தியானம் குழைந்த சோறு, சாயங்காலம் வாழைப்பழம், எல்லாமே அப்படித்தான். அவர் சாப்பிடும் தட்டிலேயே அது முகத்தை வைக்கும். அந்தத் தட்டைக் கழுவுவது என் வேலை. சாம்பலை அள்ளிப் போட்டு, விரல் படாமல் தேங்காய் நாரால் தள்ளித் தள்ளித் தேய்ப்பேன்.

"புல்லு போடலாமே மாமா," என்று ஒருநாள் சொன்னேன்.

"வெறும் புல்ல மென்னுகினு கெடக்கணுமா? கஸ்டம்மா. பாவம் அது."

தன் வாய்க்கு எது சுலபமோ அதுதான் அதற்கும் நல்லது என்று நினைத்தார்.

ஐப்பசி மழை விட்ட சமயம், முயலின் தாடை எப்போதும் நனைந்தே இருக்க ஆரம்பித்தது. எச்சில் கோழையாக நூல்விட்டு ஒழுகியது. கழுத்து முடி திரிதிரியாக ஒட்டி, உதிர்ந்த இடத்தில் தோல் சிவந்து தெரிந்தது. பின்பக்கம் புழுக்கை களிம்புபோல அப்பிக்கொண்டு ஈ மொய்த்தது. கூடத்தில் கால் வைத்தாலே அழுகல் நாற்றம். அவரோ அந்த ஈர வாயைத் தன் மேல்துண்டால் துடைத்துவிட்டு, அதே துண்டால் தன் வாயையும் துடைத்துக்கொள்வார்.

ஒருநாள் காலை அதைப் பார்த்துவிட்டுப் புழக்கடைக்கு ஓடி வாந்தி எடுத்தேன். திரும்பி வந்தால் மாமனார் முகமெல்லாம் சிரிப்பு. மகனைக் கூப்பிட்டார்.

"டேய், ஊத்துக்கோட்டைக்குப் போயி சாத்துக்குடி வாங்கினு வா. ஊட்ல விசேஷம்டா!"

எனக்குப் பொறுக்கவில்லை.

"விசேஷமும் இல்ல, ஒண்ணும் இல்ல மாமா. ஒங்க மொசலு நாத்தம் தாங்கல. நீங்க துப்பறத அது நக்கறதப் பாத்தா கொடலப் பொரட்டுது."

கல்யாணமாகி மூன்று மாதமே ஆன பெண் பேசுகிற பேச்சில்லை அது. என் கணவர் தரையைப் பார்த்தார்.  மாமனார் முயலைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, "வண்டியக் கட்டுடா," என்றார். நானும் கூடப் போனேன்.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் அதுவரை முயலுக்கு வைத்தியம் பார்த்ததில்லையாம். "படிச்சிருக்கேன், அவ்ளோதான். யாராவது தலையப் பிடிங்க," என்றார். மாமனார் முயலை மேசைமேல் வைத்துவிட்டு விலகி நின்றார். என் கணவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். நான்தான் பிடித்தேன்.

வாயைத் திறந்ததும் வந்த வீச்சத்தில் டாக்டரே முகத்தைத் திருப்பிக்கொண்டார். மேல் முன்பற்கள் இரண்டும் கொக்கிபோல உள்ளே வளைந்து அண்ணத்தைக் குத்திக்கொண்டிருந்தன. கடைவாய்ப் பல்லின் கூர் நாக்கைக் கிழித்திருந்தது. அந்தப் புண்ணில் சோற்றுப் பருக்கையும் முடியும் சீழோடு சேர்ந்து பச்சையாக ஒட்டியிருந்தன.

"இன்னா போடறீங்க பெரியவரே?"

"பன்னு, சோறு, பழம். எல்லாம் நல்லா மென்னு, மெத்துனு பண்ணித்தான் குடுப்பேன்."

"இதுக்குப் பல்லு சாவற வரைக்கும் வளந்துகினே இருக்கும். புல்லும் வைக்கோலும் நாள் பூரா அரைச்சாத்தான் தேயும். நீங்க அரைக்கவே வுடலியே."

சின்னக் குறடால் பல்லை நறுக்கினார். ஒரு துண்டு தெறித்து என் கன்னத்தில் ஒட்டியது. இரண்டு கையும் முயல் தலையில் இருந்ததால் தட்டிவிடவும் முடியவில்லை. பிறகு பஞ்சால் சீழை ஒற்றி எடுத்தார். அது என் மணிக்கட்டில் வழிந்தது.

அன்றிலிருந்து அதன் தீனி என் பொறுப்பு. வரப்பில் அறுகம்புல் அறுத்து வந்து அதன் கூண்டில் போடுவேன். முதல் நாலு நாள் முகர்ந்துவிட்டு விலகிப்போனது. புண் ஆறிய பிறகு கொறிக்க ஆரம்பித்தது. தாடை காய்ந்தது. ஆனால் ஒரு மாதத்துக்குள் மறுபடி கழுத்து நனைந்தது. கூண்டுக்கடியில் கூட்டப்போனால் பன் துணுக்கு. மாமனார் நான் குளத்துக்குப் போகும் நேரம் பார்த்து ஊட்டிக்கொண்டிருந்தார்.

"என்னியே பாக்குதும்மா. இன்னா பண்ணச் சொல்ற?" என்றார்.

மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி குறடு. இந்தத் தடவை டாக்டர் தலையை ஆட்டினார். பல்லின் வேர்ப் பக்கம் தாடை வீங்கிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். கோடையில் அது செத்தது. வேப்பமரத்தடியில் மாமனாரே குழி தோண்டிப் புதைத்தார்.

எனக்கு மனசு இளகிவிட்டது என்று எழுதினால் நன்றாக இருக்கும். இளகவில்லை. கூண்டை வெந்நீர் ஊற்றித் தேய்த்து வெயிலில் கவிழ்த்தபோது நிம்மதியாகத்தான் இருந்தது. ஒரு மாதம் போனதும் அவர் மெதுவாகக் கேட்டார்.

"இன்னொண்ணு வாங்கினு வரச் சொல்லவாம்மா? இதுக்குப் புல்லு மட்டும்தான். சத்தியமா."

"வாணாம் மாமா," என்றேன்.

 மறுநாள் அவர் கூண்டை யாரோ கோழி வளர்ப்பவருக்குக் கொடுத்துவிட்டார்.