துலாபாரத் தட்டில் மிஞ்சிய வெல்லம்

வெள்ளிக்கிழமை விளக்குப் பூசைக்கு வருகிற அக்கா தங்கச்சிமாரே, மாரியாத்தா என் வீட்டில் செய்ததைக் கோபப்படாமல் சொல்ல எனக்குத் தெரியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பத்து மூன்றாம் வருஷம், ஆவணி மாதம். என் வீட்டுக்காரருக்கு மதுரையில் உட்கார்ந்து பார்க்கிற ஆபீஸ் வேலை. கனத்த சரீரம். சட்டைப் பொத்தான் வயிற்றில் நிற்காது. "ராசா மாதிரி இருக்காரு" என்று சொந்தமெல்லாம் மெச்சும். ஒரு நாள் காலையில் பஸ்ஸைப் பிடிக்க நாலு எட்டு ஓடியவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். யாரோ புண்ணியவான் ரிக்‌ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

ரத்தத்தைச் சோதித்த டாக்டர் என்னிடம் ஒளிக்காமல் சொன்னார். "கொலஸ்ட்ரால் ரொம்பக் கூடியிருக்கும்மா. அந்தக் கொழுப்பு இதயத்துக்குப் போற ரத்தக்குழாயில படிஞ்சு வழியை அடைக்குது. உடம்புப் பாரம் வேற. இம்புட்டுப் பெரிய உடம்புக்கு ரத்தம் தள்ளித் தள்ளி இதயம் ஓஞ்சு போகும். இப்பத் தப்பிச்சுட்டாரு. எடையைக் குறைக்கலேன்னா அடுத்த தடவை என்கிட்ட வந்து சேர மாட்டாரு."

நெய், கொழுப்புள்ள கறி, பொரித்த பலகாரம் எல்லாம் கூடாது, தினமும் நடக்க வேண்டும் என்றார். பெண்பிள்ளைகள் இரண்டும் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தன.

டி. கல்லுப்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓடிவந்த என் மாமியார், ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே முந்தானையை ஏந்தி நேர்ந்துகொண்டார். "ஆத்தா, எம் மகன் எந்திரிச்சு வரட்டும். பங்குனிப் பொங்கலுக்கு அவன் எடைக்கு எடை வெல்லம் வைக்கிறேன்." நானும் அழுதுகொண்டே கும்பிட்டேன். அவர் பிழைத்து வீடு வந்தார். அவளுக்குக் கோடி நமஸ்காரம்.

அதற்கப்புறம் நடந்ததுதான் என் வயிற்றெரிச்சல்.

எங்கள் பங்காளிகளுக்குள் துலாபாரத்தில் ஒரு கௌரவம் உண்டு. எதிர்த்தட்டில் வெல்லத்தை அடுக்க அடுக்க ஆள் எழும்பக் கூடாது. அப்போதுதான் குடும்பத்துக்குப் பெருமை. மாமியாருக்கு அந்தக் கவலை பிடித்துக்கொண்டது. "எம் புள்ள ஆஸ்பத்திரியில கெடந்து துரும்பா எளைச்சுட்டான். இப்படியே தராசுல ஏறுனா சாமிக்குக் கொறையுமே!" என்று நெய்ச்சட்டியோடு வந்து எங்கள் வீட்டில் தங்கிவிட்டார். கொழுந்தன் சாயங்காலமானால் கறிதோசைப் பொட்டலத்தோடு வருவார். "டாக்டரு அப்படித்தான் சொல்லுவாரு மதினி. அண்ணே சாப்பிடட்டும்" என்பார். இவரும் தின்றார்! ஆசையாகத் தின்றார்! கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கிடாய்க்குக் குழை போடுகிற மாதிரி என் புருஷனுக்குப் போட்டார்கள். நான் தடுத்தால், "புருஷன் வாயைக் கட்டுறாளே, பாதகத்தி" என்று எனக்குப் பேச்சு.

தை மாதம் மாடிப்படி ஏறும்போது திரும்பவும் நெஞ்சுவலி வந்தது. நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்து, தெய்வாதீனமாகத் தப்பினார். மறுநாளே அடுப்படியில் மாமியார் ஈரல் வறுக்கிறார்! அடுப்பை அணைத்தேன். உடுத்தியிருந்த சேலையோடு பஸ் ஏறினேன். "எங்கடி போற?" என்று மாமியாரும் பின்னாலேயே ஏறினார்.

மாமியார் ஊர் மாரியம்மன் சந்நிதியில் போய் நின்று கத்தினேன். "ஆத்தா! உனக்கு வெல்லம் வேணுமா, எந்தாலி வேணுமா? அவரைப் பொழைக்க வச்சது இவங்க தீனி போட்டுக் கொல்லுறதுக்கா? கண்ணைத் தொறந்து பாரு!"

"மெதுவாக் கும்பிடும்மா" என்றார் பூசாரி.

"மெதுவாக் கும்பிட்டுக் கும்பிட்டுத்தான் இந்தக் கதிக்கு வந்திருக்கேன்!"

அழுது ஓய்ந்து நிமிர்ந்தபோது, மண்டபத்து உத்தரத்தில் தொங்கிய துலாபாரத் தராசு கண்ணில் பட்டது. அடுத்து நான் பேசியதை யோசித்துப் பேசவில்லை. அவள்தான் பேச வைத்தாள்.

"ஆத்தா, நேந்துக்கிட்ட அன்னைக்கு அவருக்கு இருந்த எடைக்கு உனக்கு வெல்லம் வந்து சேரும். ஒரு மண்டை வெல்லம் கொறையாது. அவரு எளைச்சு எம்புட்டுக் கொறையுறாரோ, அம்புட்டையும் நான் வெல்லமா உங்காலடியில வைக்கிறேன். இனிமே அவரு இலையில நெய் ஊத்துறவங்க உன் நேர்த்திக்கடனைத் தடுத்தவங்க. நீயே கேட்டுக்க!"

மாமியார் முகம் வெளிறிவிட்டது. டாக்டர் பேச்சைத் தள்ளிவிடலாம், மருமகள் பேச்சையும் தள்ளலாம். சாமிக்கு நேர்ந்ததைத் தடுக்க எங்கள் குடும்பத்தில் யாருக்கு நெஞ்சழுத்தம் இருக்கிறது? "துலாபாரத்தை அடுத்த வருஷம் பங்குனிக்கு வச்சுக்கிருவோம்" என்று அவரே சொன்னார்.

அன்றோடு நெய்ச்சட்டி ஊருக்குத் திரும்பியது. இவர் விடியற்காலையில் தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்தார். மாத்திரையை ஒருநாளும் விடவில்லை. "என்னாச்சு, வீட்ல சோறு போடுறதில்லையா?" என்று கேட்டவர்களை நான் கேட்ட கேள்வியை இங்கே சொல்ல முடியாது. அடுத்த சோதனையில் கொலஸ்ட்ரால் இறங்கியிருந்தது. படி ஏறினால் வலியும் வரவில்லை.

எண்பத்தைந்து பங்குனியில் துலாபாரம் நடந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியிருந்த பழைய எடைக்கு வெல்லம் வாங்கிப் போயிருந்தோம். அது முழுதும் எதிர்த்தட்டில் ஏறும் முன்பே இவர் எழும்பிவிட்டார். பங்காளிகள் சிரித்தார்கள். பூசாரி மிச்ச வெல்லத்தை அம்மன் காலடியில் தனியாக அடுக்கினார். என் மாமியார் அந்தக் குவியலை வெகுநேரம் பார்த்தார். குனிந்து ஒரு மண்டை வெல்லத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"இம்புட்டையுமா எம்புள்ள நெஞ்சு சொமந்துச்சு?" என்று அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

பிரசாதம் கொடுக்கும்போது, மகன் இலையில் பூசாரி சர்க்கரைப் பொங்கலை அள்ளி வைக்கப்போக, மாமியார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரு வாய் போதும்யா. எம்மகன் இருக்கணும்."

தாயே, இந்த ஒரு வார்த்தைக்காகவே உன் வாசலைக் காலமெல்லாம் கூட்டுவேன்.

அக்கா தங்கச்சிமாரே, உங்கள் வீட்டிலும் ராசா மாதிரி ஒருவர் இருந்தால், முதலில் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். வீட்டில் யாரும் கேட்காவிட்டால் ஆத்தாளிடம் போய்ச் சண்டை போடுங்கள். நல்ல வார்த்தை தேட வேண்டாம். நான் கத்தினேன், அவள் கோபித்துக்கொள்ளவில்லை. என் வீட்டுக்காரர் இன்று காலையும் தெப்பக்குளத்தை நடந்து சுற்றிவிட்டு வந்து, சாப்பாடு பத்தவில்லை என்று என்னோடு சண்டை போட்டார்.