தனிக் கக்கூசு

ஜப்பான்காரன் வந்துவிடுவான் என்று மட்டக்களப்பே நடுங்கிய யுத்த காலத்தில், நான் வாவிக்கரைப் பள்ளிக்கூடமொன்றில் ஆசிரியை. எங்களுக்குத் தைரியம் சொல்ல ஓர் அதிகாரி வந்தார். பெண்கள் யுத்தக் கைதிகளானால் அவர்களுக்குத் தனிக் கக்கூசு கொடுக்கவேண்டும், அது சர்வதேசச் சட்டம் என்று வாசித்தார்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரே கக்கூசு. அது எந்நேரமும் பூட்டியிருக்கும்; திறப்பு தலைமை ஆசிரியரின் இடுப்பில். ஆசிரியைகள் நால்வரும் பற்றைக் காட்டுக்குள்தான் ஒதுங்குவோம். ஒருத்தி பாம்பு பார்ப்பாள், ஒருத்தி ஆள் பார்ப்பாள். எங்களுக்கென்று ஒன்று கேட்டு மனு எழுதியே என் கை தேய்ந்தது.

நிறைமாதமாயிருந்த சின்ன டீச்சர் எழுந்தாள். "ஐயா, ஜப்பான்காரன் எப்ப வாறான்?"

"பயப்படாதீங்க பிள்ளை. அவனை வரவே விடமாட்டம்."

தலைமை ஆசிரியர் கைதட்டினார். எங்கள் நால்வருக்கும் முகம் தொங்கிப்போயிற்று.

சொன்னபடியே வரவும் விடவில்லை, பாவிகள்.