ஒன்றாம் வகுப்பு சாரின் மீசை

பாபநாசம் போகும் பேருந்து பத்தமடை தாண்டிப் பஞ்சராகி நிற்கிறது. வாய்க்காலில் தாமிரபரணித் தண்ணீர் மட்டும் நிற்காமல் போகிறது. சாலையோர சலூனில் ஒதுங்கிச் செய்தித்தாளை விரிக்கிறேன். இங்கிலாந்துத் தொடக்கப் பள்ளிகளில் ஆண் ஆசிரியர்கள் அருகிவிட்டார்களாம். இந்தியாவில் எவ்வளவோ அதிகமாம். நாம் ஜெயித்த இன்னொரு போட்டி.

அந்த வெற்றியின் பங்காளி ஒருவர் நாற்காலியில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருக்கிறார். எதிரே இருக்கும் அரசுப் பள்ளியின் ஒன்றாம் வகுப்பு ஆசிரியர். அவருடைய முறுக்கு மீசையைப் பார்த்து ஒரு புதுப் பிள்ளை தினமும் அழுகிறதாம். இன்றும் அழுதால் தனியார் பள்ளி வேனில் ஏற்றிவிடுவேன் என்று தாய் சொல்லிவிட்டாளாம். இருப்பதே ஏழெட்டுப் பிள்ளைகள். ஒன்று குறைந்தாலும் பள்ளிக்குப் பூட்டுதான் என்கிறார் சலூன்காரர்.

"இங்கிலாந்துல ஆம்பள வாத்தியாருக்குப் பஞ்சமாம். பேப்பர்ல உங்களத்தான் பாராட்டியிருக்கான், சார்," என்கிறேன்.

"அப்படியா? அங்கன ஆளு இல்லைன்னா இந்த மீசையை அனுப்பி வைக்கட்டுமா வே?"

"பேசாதீங்க சார், உதடு போயிரும்," என்கிறார் சலூன்காரர். "வீட்டுல அக்கா கேட்டா, எடுத்தது நான் இல்லைன்னு சொல்லிருங்க."

மீசை தரையில் விழுகிறது. அவர் சாலையைக் கடக்கிறார். நானும் பின்னால் போகிறேன். பள்ளி வாசலில் தாயின் சேலையைப் பிடித்தபடி அந்தச் சிறுமி நிற்கிறாள். மஞ்சள் வேன் ஹாரன் அடிக்கிறது. அவர் குந்தி உட்கார்ந்து முகத்தை நீட்டுகிறார்.

அவள் அழவில்லை. அவருடைய மேலுதட்டை ஒரு விரலால் தொட்டுப் பார்க்கிறாள்.

"வலிச்சுதா சார்?"

"லேசா," என்கிறார்.

தாய் வேனைப் போகச் சொல்லிக் கை காட்டுகிறாள்.