ஆடு வளர்ப்பு ரேக்கில் இருந்த கலெக்டர்

1. முதல் புகார்

கடலோரத்தில் ஒரு கிளை நூலகத்தில் நான் நூலகராகச் சேர்ந்த புதிதில் எனக்கு வந்த முதல் புகார், புத்தகத்தில் ஆடு பேசுகிறது என்பது.

புகாரோடு வந்தவர் ஏழுமலை அண்ணன். திருக்கழுக்குன்றம் போகும் வழியில் அவருக்கு வீடு. லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், புதிதாக வெள்ளாடு வாங்கிக் கட்டியிருந்தார். எங்கள் கால்நடை ரேக்கிலிருந்து 'ஆடு வளர்ப்போர் கவனத்துக்கு' என்ற புத்தகத்தை அவரே தேடி எடுத்துப் போயிருந்தார். அதை என் மேஜையில் தொப்பென்று போட்டார்.

"இன்னாம்மா பொஸ்தகம் வச்சிக்கீறீங்க? ஆட்டுக்கு வயிறு உப்பிக்கினா இன்னா குடுக்கறதுன்னு பாக்கலாம்னு எடுத்தா, இதுல ஆடு பேசுது."

"பேசுதா?"

"கேள்வி கேக்குதும்மா! எங்க வூட்டு ஆடு பேசாமயே உசுர வாங்குது. இது வேற."

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நூலக பைண்டிங் செய்த புத்தகத்தில் அட்டைப்படம் இருக்காது. பச்சைத் துணி முதுகில் தலைப்பும் ரேக் நம்பரும் மட்டும்தான் தெரியும். எனக்கு முன்னால் யாரோ அந்தத் தலைப்பைப் படித்துவிட்டுக் கால்நடை நம்பர் போட்டிருக்கிறார். நானும் தூசி தட்டித் தட்டி அங்கேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

புத்தகத்தைத் திறந்தேன். உள்ளே ஒரு படம். ஒரு கொம்பு வளைந்த கிடாக்குட்டி, கழுத்தில் சிவப்புத் துண்டு.

"கலெக்டர்!" என்று கத்திவிட்டேன்.

நூலகமே திரும்பிப் பார்த்தது. பேப்பர் படித்துக்கொண்டிருந்த ரிட்டையர்டு சார் ஒருவர் மாவட்ட ஆட்சியர் ஆய்வுக்கு வந்துவிட்டார் என்று எழுந்தே நின்றுவிட்டார்.

2. யார் அந்தக் கலெக்டர்

எங்கள் வீட்டில் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் ஆள் நான். முழுதாகப் படித்த முதல் கதைப் புத்தகம், ஐந்தாம் வகுப்பில் பரிசாகக் கிடைத்த 'கலெக்டரும் கட்டுமரமும்'. மல்லிகா என்ற சிறுமி வளர்க்கும் ஆட்டின் பெயர் கலெக்டர். கடைசிப் பக்கத்தில் அது கட்டுமரத்தில் ஏறிக்கொள்கிறது, கட்டுமரம் கடலுக்குள் போகிறது. அவ்வளவுதான், 'முற்றும்' என்று போட்டிருந்தது.

போன ஆடு வந்ததா, வரவில்லையா? எனக்கும் என் தோழி சங்கீதாவுக்கும் அதில்தான் சண்டை. வந்திருக்கும் என்பேன் நான். மூழ்கியிருக்கும், வராது என்பாள் அவள். இப்போது சிறுசேரியில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறாள், இன்னும் அதையேதான் சொல்கிறாள். நான் பட்டம் வாங்கினேன், நூலக அறிவியல் படித்தேன், தேர்வு எழுதி வேலைக்கு வந்தேன். ஆனால் நான் படித்த முதல் புத்தகம் எனக்கு முடியாமலேயே இருந்தது.

அதன் அடுத்த பாகம் என் கையிலேயே, என் நூலகத்திலேயே, ஆட்டுப் புழுக்கை உரம் பற்றிய கையேட்டுக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது! சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறக்காமல் சங்கீதாவுக்குப் போன் செய்தேன்.

"ஏய், கலெக்டர் கதைக்கு ரெண்டாம் பாகம் கீதுடி!"

"கத வுடாத."

"கையில வச்சினு பேசறேன். மல்லிகா ஊர் ஊரா நோட்டீஸ் ஒட்டினு போறா. 'ஆடு வளர்ப்போர் கவனத்துக்கு: காணவில்லை'ன்னு. அதான்டி தலைப்பே!"

"போன வைக்காத. மீட்டிங்க கட் பண்ணிட்டு வரேன். நீ படி. சத்தமா படி."

படித்தேன். மல்லிகா ஒவ்வொரு குப்பமாகத் தேடிப் போகிறாள். கடைசியில் ஒரு ஊரில் வளைந்த கொம்பு தெரிகிறது. 'கலெக்டரே!' என்று கூப்பிடுகிறாள்.

பக்கத்தைத் திருப்பினேன். அதற்குப் பிறகு பக்கமே இல்லை. கடித்த மாதிரி ஒரு ஓரம் மட்டும் பைண்டிங்கில் நின்றது.

"இன்னாச்சிடி? ஏன் நிறுத்திட்ட?" என்று போனில் சங்கீதா கத்தினாள்.

3. தின்ற வாய்

ஏழுமலை அண்ணன் அடுத்த முறை வந்தபோது பிடித்துக்கொண்டேன்.

"அண்ணா, கடைசிப் பக்கமெல்லாம் எங்க?"

காதைச் சொறிந்தார். "அதாம்மா... நீ கேக்கறதுக்கு முன்னாடி நாமளே சத்தம் போட்டுடலாம்னு பாத்தேன். கயித்துக் கட்டில்ல வச்சிட்டு டீ குடிக்கப் போனேன். எங்க ஆடு தின்னுடுச்சி."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "தின்றதுக்கு முன்னாடி நீங்க படிச்சீங்களா?"

"நான் எங்க படிச்சேன்? எங்க வூட்டுக்காரம்மாதான் வுழுந்து வுழுந்து படிச்சினு கெடந்துது. எனக்குச் சோறு கூட வைக்கல."

வெள்ளிக்கிழமை எங்களுக்கு விடுமுறை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேராக அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி தனம் அக்கா தவிட்டுத் தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னதும் கையைக் கழுவிவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"அக்கா, கலெக்டர் திரும்பி வந்துச்சா?"

"அவசரப்படாத. அந்த ஊருல அதுக்குக் கலெக்டர்னு பேரு கிடையாது. தாசில்தாரு."

"தாசில்தாரா!"

"ஆமா. இந்தப் பொண்ணு 'கலெக்டரே, கலெக்டரே'ன்னு கூப்புட்டுக்கினே கீது, திரும்பிக்கூடப் பாக்கல. அந்த ஊரு புள்ளைங்க 'தாசில்தாரே'ன்னா குடுகுடுன்னு ஓடுது. மல்லிகாவுக்கு வந்துச்சே கோவம்! 'போடா, இனிமே உனக்குப் பிரமோஷனே கிடையாது'ன்னு சொல்லிட்டு விடுவிடுன்னு நடக்குது. கொஞ்ச தூரம் போயி திரும்பிப் பாத்தா..."

"பாத்தா?"

"பின்னாடியே வந்துகினு கீது."

நான் எழுந்து குதித்துவிட்டேன். கட்டியிருந்த ஆடுகளெல்லாம் மிரண்டன.

"அந்தப் பொண்ணு கையில பிஸ்கோத்து வச்சிருந்திச்சி. அதுக்குத்தான் வந்துது" என்றார் ஏழுமலை அண்ணன்.

"நீ படிச்சியா? வாய மூடு" என்றார் தனம் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பி, "அதுக்கு ஏன் கலெக்டர்னு பேரு வந்துச்சின்னுதான் எனக்குத் தெரியல. அது 'கலெக்டர் ஆவது எப்படி?' பொஸ்தகத்துல கீதுன்னு கத எழுதுனவரு முன்னுரையில எழுதிக்கீறாரு. அது உங்கிட்ட கீதா?"

முன்னுரையை யார் படிக்கிறார்கள்? நான் படிக்கவில்லை. ஆனால் அந்தத் தலைப்பு எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் பார்க்கிறேன். போட்டித் தேர்வு ரேக்கில், பொது அறிவுக் கைடுகளுக்கு நடுவில். குரூப் தேர்வுக்குப் படிக்கும் ஒரு பெண்ணுக்கு நானே அதைக் கைகாட்டியும் இருக்கிறேன்!

4. போட்டித் தேர்வு ரேக்

மறுநாள் காலை பூட்டைத் திறந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அங்கேதான் ஓடினேன். அதே பச்சைத் துணி. உள்ளே, கொம்பு முளைக்காத குட்டியாகக் கலெக்டர். ஜீப்பில் வந்த அதிகாரியிடம் ஊரே மனு கொடுக்கிறது. குட்டி அத்தனை மனுவையும் தின்றுவிடுகிறது. யார் என்ன கொடுத்தாலும் வாங்கி மென்றுவிட்டுப் பதில் சொல்லாமல் நிற்பதால் ஊரார் வைத்த பெயர்தான் கலெக்டர். முன்கதை முழுதாக இருந்தது, ஒரு பக்கம் குறையவில்லை.

நான் கைகாட்டிவிட்ட பெண் அன்று படிக்க வந்திருந்தாள். ஏன் புகார் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சிலபஸ்ல இல்லன்னு மொத பக்கத்துலயே தெரிஞ்சிடுச்சி மேடம். ஆனா கீழ வைக்க முடியல. எங்க ஹாஸ்டல்ல எல்லாரும் படிச்சிட்டோம்."

அந்த வாரமே மூன்றுக்கும் சிறுவர் கதை நம்பர் போட்டு, வரிசையாக ஒரே ரேக்கில் வைத்தேன். நடுவில் நிற்கும் 'கலெக்டரும் கட்டுமரமும்' என் சொந்தப் பிரதி. அன்றிலிருந்து, பைண்டிங் முடிந்து வரும் எந்தப் புத்தகத்துக்கும் முதுகைப் பார்த்து நான் நம்பர் போடுவதில்லை. முன்னுரையோடு சேர்த்துச் சில பக்கமாவது படிக்கிறேன். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: தலைப்பை நம்பாதீர்கள், திறந்து பாருங்கள்.

ஒன்று பாக்கி. மூன்றாவதாக நிற்கும் புத்தகத்தில், ஆடு தின்ற ஓரத்துக்கு எதிரே ஒரு சீட்டு ஒட்டினேன்: 'இதற்கு மேல் தனம் அக்காவைக் கேட்கவும். ஞாயிறு காலை வருவார்.'

வந்தார். பிள்ளைகள் தரையில் சுற்றி உட்கார்ந்தார்கள். லீவு நாளில் ஈ.சி.ஆர். பஸ் பிடித்து வந்த சங்கீதாவும், கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையோடு, அவர்கள் நடுவில் உட்கார்ந்தாள். அந்த நாள்வரை நான் முடிவைச் சொல்ல வந்தபோதெல்லாம் அவள் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

'கலெக்டரே' என்று கூப்பிட்டும் அது திரும்பிப் பார்க்கவில்லை என்ற இடம் வந்தது. சங்கீதா துள்ளி எழுந்தாள்.

"பாத்தியா! நான் அன்னிக்கே சொன்னேன்ல? அது வராது!"

தனம் அக்கா அவள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

"குந்தும்மா. கதை இன்னும் முடியல."