உள்தாழ்ப்பாள் உள்ள அறை

மைசூரில் அந்த இன்ஷூரன்ஸ் ஆபீஸில் பத்மாஸினியைக் ‘கண்டிஷன் மேடம்’ என்றுதான் சொல்வார்கள். முதுகுக்குப் பின்னால்தான். நேரே சொல்ல யாருக்குத் தைரியம்? கிளெய்ம் செக்‌ஷனில் பதினெட்டு வருஷம் ஊறியவள். பாலிசியின் பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதை உலகத்தில் யாருமே படிப்பதில்லை, அவளைத் தவிர. இறந்துபோனவர் விண்ணப்பத்தில் ஏதாவது வியாதியைச் சொல்லாமல் விட்டிருக்கிறாரா என்று துருவிப் பார்த்து, விட்டிருந்தால் ‘உண்மை மறைக்கப்பட்டுள்ளது’ என்று குறிப்பெழுதி மேலே அனுப்புவது அவள் உத்தியோகம்.

அப்பேர்ப்பட்டவள் லக்ஷ்மிபுரத்து வீட்டில், ஃப்ரிட்ஜின் மேல்தட்டில், ‘குங்குமப்பூ’ என்று சீட்டு ஒட்டிய ஒரு சின்ன டப்பா வைத்திருந்தாள். குங்குமப்பூ என்றால் வீட்டுக்காரியைக் கேட்காமல் யாரும் தொட மாட்டார்கள் அல்லவா? உள்ளே இருந்தது இன்சுலின் மருந்து. மகள் ஹரிதாவுக்கு.

ஹரிதாவுக்குப் பதினாலு வயதில் சர்க்கரை வியாதி வந்தது. பெங்களூரில் ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்துவிட்டுத் திரும்பியபோது சொந்தக்காரர்களிடம் டைபாய்டு என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து காலை ஏழேகாலுக்கு ஒன்று, சாயங்காலம் ஏழேகாலுக்கு ஒன்று. அறைக்கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு ஊசி. அரை மணிக்குள் சாப்பாடு. அந்தத் தாழ்ப்பாள் ஓசை கேட்டால் கணவர் சக்ரபாணி கூடத்தில் ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைப்பார். பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்க்கும் சாது மனிதர், அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

ஏன் மறைக்க வேண்டும் என்று கேட்பீர்கள். பெண் குழந்தை ஐயா! நாளைக்கு ஒரு இடத்தில் கொடுக்க வேண்டாமா? மேல்கோட்டையிலிருந்து வந்து மைசூரிலும் பெங்களூரிலும் குடியிருக்கும் அவர்கள் கூட்டம் மொத்தமும் ஒன்றுக்கொன்று உறவு. எந்த வீட்டில் எந்தப் பெண்ணுக்கு என்ன குறை என்பது நாலு நாளில் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். அப்படிப் போய்ச் சேரும் சமாசாரம் எல்லாம் புறப்படுகிற இடமோ, இரண்டு தெரு தள்ளி இருந்தது. சக்ரபாணியின் அண்ணா வீடு. அண்ணாவின் மனைவி யதுகிரி. அண்ணா ஊதுபத்தி ஏற்றுமதி செய்கிறவர். அந்த ஆபீஸில் கடிதப் போக்குவரத்தைப் பார்ப்பது யதுகிரிதான். வியாபாரக் கடிதம் எழுதும் அதே கையால் வருஷத்துக்கு ஏழெட்டுக் கல்யாணமும் முடித்துவைப்பாள்.

தொண்ணூற்றாறாம் வருஷம் செப்டம்பர் மாசம் அண்ணாதான் ஆரம்பித்தார். “தசரா லீவுல நம்ம ரெண்டு குடும்பமும் சேர்ந்து சமுத்ரக்கரைக்குப் போலாம். நாலு நாள். ரூம், சாப்பாடு, காபி, படகு எல்லாம் ஒரே டிக்கெட்டுல அடக்கமாம். பத்மா செலக்ட் பண்ணட்டும். அவ கண்ணுல படாத கண்டிஷன் உண்டோ?”

யதுகிரிக்கு ஒரே சந்தோஷம். “நாலு நாள் நான் தளிகைப்பக்கமே போகமாட்டேன். யாரோ பண்ணி, யாரோ பரிமாறி, நான் உக்காந்து சாப்பிடணும். ஆனா மீன் வெட்டற கத்தியில கத்திரிக்கா வெட்டக்கூடாது, அதை மட்டும் கேட்டுடு” என்றாள். படுக்கையிலிருந்தே கடல் தெரிய வேண்டும் என்றார் அண்ணா. சக்ரபாணிக்குக் காலையில் கன்னடப் பேப்பர். ஹரிதா ‘தண்ணில எறங்கலாமாம்மா?’ என்று மட்டும் கேட்டாள்.

அந்த ஒரு கேள்வி பத்மாஸினியைப் பிடித்துக்கொண்டது. டாக்டர் சொல்லியிருந்தார்: ஓடி ஆடினால் சர்க்கரை சரசரவென்று இறங்கும், வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், அப்புறம் நினைவு தப்பும். வீட்டிலேயே இரண்டு தடவை ஆகியிருக்கிறது. அலைக்குள் நிற்கும்போது அப்படி ஆனால்?

மூன்று ரிசார்ட்டின் வழவழப்பான விளம்பரத் தாள்கள் வந்தன. கோவா ஒன்று, கோவளம் ஒன்று, கார்வார் ஒன்று. எல்லாவற்றிலும் ஒரே மாதிரி தென்னைமரம், ஒரே மாதிரி சூரியன். கோவாவில் மதுபானமும் டிக்கெட்டிலேயே அடக்கம், எவ்வளவு வேண்டுமானாலும் என்று போட்டிருந்தது. “அதுக்குப் பதிலா எவ்வளவு வேணாலும் மோர் குடுப்பானான்னு கேளு” என்றார் சக்ரபாணி. அவருக்கென்ன, சிரிப்பார்.

கோவளத்தில்தான் அண்ணாவின் மனசு நின்றது. எட்டுப் பேர் படுக்கிற பெரிய குடில், நாலு பக்கமும் கண்ணாடி, எல்லாரும் ஒரே கூடத்தில். “ராத்திரி பூரா பேசிண்டே இருக்கலாம்” என்றாள் யதுகிரி. பத்மாஸினி அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கதவைக் காணோம். ஊசியை எங்கே வைத்துப் போடுவது? குளியலறையிலா? அதை ஒரே ஒரு குளியலறையாக வேறு கட்டி வைத்திருக்கிறான், படுபாவி.

“கண்ணாடி வீடு வேண்டாம் மன்னி, வெயில் அடிக்கும்” என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள். யதுகிரியின் முகம் சுண்டிப்போயிற்று.

பத்மாஸினிக்குத் தூக்கம் போயிற்று. ஆபீஸில் ஒரு ஃபைலை இரண்டு தடவை தொலைத்தாள். போகாமல் இருந்துவிடலாமா? ‘ஏன்’ என்று கேட்பார்களே. ஹரிதாவை விட்டுவிட்டுப் போகலாமா? அதற்கும் ஏன். எப்படிச் சுற்றி வந்தாலும் வழி அடைத்தது. கடைசியில் மிஞ்சியது கார்வார். தனித்தனி அறை என்று போட்டிருந்தான். ஆனால் அறையில் ஃப்ரிட்ஜ் உண்டா, உள்தாழ்ப்பாள் உண்டா, சாப்பாடு மணிக்குச் சரியாக வருமா, பொடி எழுத்திலும் இல்லை, பெரிய எழுத்திலும் இல்லை.

ஒரு சனிக்கிழமை காலையில் ஆபீஸ் பாணியில் உட்கார்ந்து இங்கிலீஷில் எழுதினாள். மூன்று பக்கம், பதினோரு கேள்வி, நம்பர் போட்டு. பத்து கேள்வி எழுதியபின் பேனாவை வைத்துவிட்டு யோசித்தாள். அரைகுறையாகச் சொன்னால் அரைகுறையாகத்தான் பதில் வரும். தினம் தினம் அவள் ஜனங்களுக்குச் சொல்கிற பாடம் அது. முழுக்க எழுதிவிட்டாள்: ‘என் மகளுக்கு வயது பதினாறு. தினம் இரண்டு வேளை இன்சுலின் போட வேண்டும். அவள் கடலில் இறங்கும்போது உங்கள் ஆட்களில் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். சட்டைப்பையில் குளுக்கோஸ் வைத்திருக்க வேண்டும். எங்களுடன் வரும் உறவினர்களுக்கு இது தெரியாது. தெரியவும் கூடாது. தயவுசெய்து பார்த்துக்கொள்ளுங்கள்.’

கவரை ஒட்டி சக்ரபாணியிடம் கொடுத்தாள். “ஜாக்கிரதையா தபால்ல சேத்துடுங்கோ.”

சாயங்காலம் அஞ்சு மணிக்கு அவர் திரும்பிவந்தபோது முகம் மலர்ந்திருந்தது. அவர் முகம் அப்படி மலர்ந்தாலே ஏதோ வில்லங்கம் என்று பத்மாஸினிக்குத் தெரியும்.

“தபால்ல போனா பத்து நாள் ஆகும் பத்மா. லீவே வந்துடும். அதான் அண்ணா ஆபீஸ்ல ஃபேக்ஸ்ல அனுப்பிச்சுட்டேன்! ஒருத்தரும் இல்லை, எல்லாரும் சாப்பிடப் போயிருந்தா. நானே நம்பர் போட்டேன். கீச்சு கீச்சுன்னு கத்தித்து பாரு, ரெண்டே நிமிஷம். இதோ, போய்ச் சேர்ந்ததுக்குச் சீட்டு.”

அவள் சீட்டைப் பார்த்தாள். “கடுதாசு எங்கே?”

“அதான் போயிடுத்தே.”

“ஏன்னா, கடுதாசு எங்கே?”

“அனுப்பிச்சாச்சுங்கறேன், மறுபடி...” என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். கையைப் பார்த்தார். பையைத் திறந்து பார்த்தார். முப்பது வருஷமாகத் தபால்பெட்டியில் போட்டே பழகியவர். அனுப்பிய கடிதம் அனுப்பியவரிடமே தங்கும் என்பது அவர் மண்டையில் ஏறவே இல்லை. மூன்று பக்கமும் அந்த மெஷினின் கீழ்த்தட்டில் கிடக்கிறது!

இந்த மனுஷரை என்ன செய்வது? வைவதற்குக்கூட நேரம் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். ஆட்டோக்காரரிடம் “சீக்கிரம்ப்பா, பேக ஹோகி” என்று கன்னடமும் தமிழுமாய்க் குழறினாள். நாராயணா, நாராயணா, யார் கண்ணிலும் பட்டிருக்கக்கூடாது. ஆபீஸ் பூட்டியிருந்தது. ஜன்னல் வழியே கையை நெற்றியில் வைத்து எட்டிப் பார்த்தாள். ஊதுபத்திப் பெட்டிகளுக்கு நடுவே மெஷின் தெரிந்தது. கீழ்த்தட்டு காலியாக இருந்தது.

பக்கத்துக் கடையில் பூக்கட்டும் கெம்பம்மா, “யதுகிரியம்மாவா? அவங்க நாலு மணிக்கே பூட்டிட்டுப் போயிட்டாங்க. கையில ஏதோ காயிதம் படிச்சிட்டே போனாங்க, என்கிட்ட பூகூட வாங்கலை” என்றாள்.

வீடு வந்து சேர்ந்தது எப்படி என்று பத்மாஸினிக்குத் தெரியாது. இதற்குள் எத்தனை வீட்டுக்குப் போன் போயிருக்கும்? மகள் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்க்கப் பார்க்க அழுகை முட்டியது. ரெண்டு வருஷம் பொத்திப் பொத்தி வைத்து, தன் கையெழுத்திலேயே எழுதி, தானே அனுப்பி வைத்திருக்கிறாளே! சக்ரபாணி ஒரு மூலையில் ரேடியோவைப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

ஏழு மணிக்கு வாசல் கேட் திறந்தது. யதுகிரி. கையில் மடித்த காகிதம். செருப்பைக் கழற்றிவிட்டு நேரே வந்து பத்மாஸினி எதிரில் உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது.

“ரெண்டு வருஷமா உன் பொண்ணு நம்மாத்துக்கு வந்தா தித்திப்பா ஒரு வாய் திருக்கண்ணமுது சாப்பிடறதில்லே. வைகுண்ட ஏகாதசி மறுநாள் நான் கிண்ணத்தோட நிக்கறேன், ‘வயிறு ரொம்பிடுத்து பெரியம்மா’ங்கறா. நான் என்ன நெனச்சேன் தெரியுமோ? என் கை பண்டம் மட்டம்னு நீதான் சொல்லிக் குடுத்திருக்கேன்னு நெனச்சேன். ஆத்துக்குள்ள போய் அழுதிருக்கேன்டி.”

“மன்னி...”

“இரு, நான் பேசி முடிச்சுக்கறேன். கார்வார்ல எவனோ ஒரு மேனேஜர். அவன் கறுப்பா சிவப்பா தெரியாது. அவனுக்கு எழுதறே, என் பொண்ணு பக்கத்துல நில்லு, பாத்துக்கோன்னு. ரெண்டு தெரு தள்ளி இருக்கற நான் கூடவே வரேன், கூடவே தண்ணில எறங்கப்போறேன். குழந்தை என் பக்கத்துல விழுந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்? மயக்கம்னு மூஞ்சில தண்ணி தெளிச்சுண்டு நின்னிருப்பேன்! கொன்னிருப்பேனே பாவி!”

பதினோரு கேள்வியில் ஒன்றுகூட இவளிடம் கேட்கவில்லை என்பது அப்போதுதான் பத்மாஸினிக்கு உறைத்தது. ஆனாலும் பயம் விட்டதா? அது எங்கே விடும்.

“யார் கிட்டயும் சொல்லிட வேண்டாம் மன்னி. அவ கல்யாணம்...” என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

யதுகிரி கையை விடுவித்துக்கொள்ளவில்லை. ஆனால் சட்டென்று தலையும் ஆட்டவில்லை. “நானா போய்ச் சொல்லமாட்டேன். ஆனா ஒரு இடம் பாத்து, அந்தப் பிள்ளையாத்து மாமி என் மூஞ்சியைப் பாத்துக் கேட்டா, பொய் சொல்ல எனக்கு வராது பத்மா. அதை இப்பவே சொல்லிட்டேன்.”

“சொல்லுங்கோ பெரியம்மா” என்று குரல் கேட்டது. ஹரிதா எழுந்து நின்றிருந்தாள். “என்னைக் கேட்டா நானே சொல்வேன். எத்தனை நாள்மா கக்கூஸ்ல ஒளிஞ்சு போட்டுக்கறது? பி.யூ.சி. காலேஜ்ல அப்படித்தான் போட்டுக்கறேன், காலம்பற சீக்கிரமே கிளாஸ் இருந்தா.”

காலேஜில் அப்படி நடப்பது பத்மாஸினிக்குத் தெரியாது.

யதுகிரி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹரிதா பக்கம் திரும்பினாள். வியாபாரக் கடிதத்துக்குக் குறிப்பெடுக்கிற குரல் வந்துவிட்டது. “நீ மயக்கம் போட்டா நான் என்ன குடுக்கணும்?”

“மயக்கம் வரதுக்கு முன்னாடியே குடுக்கணும். கை நடுங்கறப்போ. சர்க்கரை, பெரியம்மா.”

“சர்க்கரையா? இத்தனை நாள் நான் குடுத்தா வேண்டாம்னியே, அதேவா?”

“அதேதான்.”

“எத்தனை ஸ்பூன்?”

“மூணு. தண்ணில கலந்து. நினைவே இல்லேன்னா வாயில ஊத்தப்படாது, நேரே ஆஸ்பத்திரி.”

யதுகிரி கடிதத்தின் பின்பக்கத்தில் அதை எழுதிக்கொண்டாள். மூணு என்பதன் கீழே இரண்டு கோடு போட்டாள். பிறகு, “கோவளம் கண்ணாடி வீட்டுல ஃப்ரிட்ஜ் இருக்குன்னு போட்டிருந்தானே, நீ பார்க்கலியா?” என்றாள். பத்மாஸினி பார்த்திருந்தாள். கதவைத் தேடியதில் அதை மறந்துவிட்டாள்.

கூடத்துக் கடிகாரம் ஏழேகால் காட்டியது. பத்மாஸினி எழுந்து ஃப்ரிட்ஜைத் திறந்து குங்குமப்பூ டப்பாவை எடுத்தாள். மகளைக் கூட்டிக்கொண்டு அறைக்குள் போய், ரெண்டு வருஷப் பழக்கத்தில் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

“பேடம்மா, போட வேண்டாம்” என்றாள் ஹரிதா. “இருக்கட்டும், திறந்தே இருக்கட்டும்.”

பத்மாஸினி கொஞ்ச நேரம் தாழ்ப்பாளைப் பிடித்தபடியே நின்றாள். அப்புறம் கையை எடுத்தாள். கதவு தானாகவே பாதி திறந்துகொண்டது. வாசற்படியில் யதுகிரி வந்து நின்றாள். ஊசி இறங்கியபோது “அய்யோ ராமா” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள், மறுபடி திரும்பிப் பார்த்தாள்.

“வலிக்கறதோடா கண்ணா?”

ரெண்டு வருஷத்தில் அந்தக் கேள்வியைப் பத்மாஸினி ஒருநாளும் கேட்டதில்லை. எப்போதும் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

“வலிக்கும் பெரியம்மா” என்றாள் ஹரிதா.