மாப்ளைக்காக வாதாடிய சுகுணா

ஆலங்குடிக்குக் கிழக்கே, தென்னந்தோப்பும் கடலைக் கொல்லையுமாக இருக்கும் ஓர் ஊரிலிருந்து தினமும் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறிப்போய், அமெரிக்காக்காரர்கள் பந்து விளையாடுவதைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறாள் சுகுணா. அதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள். அவள் மாமியார் சொர்ணம் இதை வெகுநாள் நம்பவில்லை. "வெளையாட்டப் பாக்குறதுக்குக் காசா? எங்கிட்டாவது நடக்குமா இது?" என்று அக்கம்பக்கத்தில் கேட்டுக்கொண்டே இருந்தார். முதல் சம்பளம் வந்த பிறகுதான், "சரி, நல்லாப் பாரு. கண்ணு அசந்துறாத" என்றார்.

வேலை இதுதான். ஓர் இரும்புக் கடைக்கு மேல்மாடியில் ஆபீஸ். வரிசையாகக் கம்ப்யூட்டர்கள். ஒவ்வொன்றிலும் அமெரிக்க ஃபுட்பால் வீடியோ துண்டு துண்டாக வரும். பந்து யார் கையிலிருந்து யாருக்குப் போனது, எங்கே விழுந்தது, யாரை யார் கவிழ்த்தான் என்று குறித்து அனுப்ப வேண்டும். சத்தம் கிடையாது. ஆட்டக்காரனுக்குப் பெயரும் கிடையாது, சட்டையில் நம்பர் மட்டும்தான். ஃபுட்பால் என்று பெயரே தவிர, காலால் உதைப்பது எப்போதாவதுதான். மட்டை உரிக்காத குட்டித் தேங்காய் மாதிரி ஒரு பந்து. அதைக் கையில் வாங்கிக்கொண்டு நடுவில் நிற்பவன்தான் குவார்ட்டர்பேக். எதிராளிகள் மலைமலையாக அவன் மேல் பாய்ந்து வருவார்கள். அவனுடைய ஆட்கள் சுற்றி நின்று மறிப்பார்கள். இரண்டு மூச்சு விடுவதற்குள், தூரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் தன் ஆளுக்கு அவன் பந்தை எறிந்தாக வேண்டும். இல்லாவிட்டால் மண்ணைக் கவ்வ வேண்டியதுதான்.

பெயர் இல்லாத மனிதனைப் பற்றி எத்தனை நாள் பேச முடியும்? ஆபீஸில் அவர்களாகவே பெயர் வைத்துக்கொண்டார்கள். மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு எறிகிறவன் பீரங்கி. பந்தை எறியாமல் தானே தூக்கிக்கொண்டு ஆட்களுக்கு நடுவே நெளிந்து நுழைந்து ஓடுகிறவன் கண்டக்டர். இன்னொருத்தன் இருந்தான். நல்ல உயரம், நிதானம். சுற்றிலும் ஆட்கள் நின்று பொத்திப் பொத்திக் காப்பாற்ற, ஊர்வலத்தில் வருகிறவன்போல் நடுவில் நிமிர்ந்து நிற்பான். அவனுக்கு 'மாப்ள' என்று பெயர் வைத்தவள் சுகுணாவின் தோழி பிரகதீஸ்வரி. மாப்ளைக்காகச் சண்டை போடுகிறவளோ சுகுணா.

சண்டை தினமும் மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவுடன் தொடங்கிவிடும். இவர்களில் அசல் ஆள் யார்? பாலாஜி பீரங்கி கட்சி. வாலிபன், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கிரிக்கெட் ஆடுகிறவன், தொண்டையில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு பிறந்தவன்.

"சுகுணாக்கா, கை வேணும்க்கா கை! ஒங்க மாப்ள எறியிறது பாதி நேரம் ஆளே இல்லாத எடத்துல போயி விழுகுது."

"பந்து போறப்ப ஆள் இருக்காது தம்பி. போய்ச் சேர்றப்ப இருப்பான். நீ பாதியிலேயே வீடியோவ நிறுத்திப்புட்டு அடுத்ததுக்குத் தாவுற. கடைசி வரைக்கும் பாரு."

அவள் சொன்னது நிஜம். வேலை முடிந்தாலும் அவள் வீடியோத் துண்டை நிறுத்த மாட்டாள். மாப்ளையைக் கவிழ்த்துப்போட்டு நாலு பேர் மேலே விழுந்தாலும், எழுந்து புல்லைத் தட்டிவிட்டுக்கொண்டு, அடுத்த பந்துக்கு அப்போதுதான் வந்தவன்போல் நிற்பான். அதுதான் அவளுக்குப் பிடித்திருந்தது. அவளுக்கு ஒரு சொல் தவறிப்போனால், அதை நினைத்து நினைத்து இரண்டு நாள் சோறு இறங்காது.

இப்படி விளையாட்டாகப் போய்க்கொண்டிருந்த சண்டைக்கு மார்கழி மாதம் வினை வந்தது. ஆலங்குடியில் ஒரு கிளை திறக்கப் போவதாக மேனேஜர் குணசேகரன் அறிவித்தார். பத்துப் பன்னிரண்டு புதுப் பிள்ளைகளை வேலைக்கு எடுத்தாகிவிட்டது. அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க இங்கிருந்து ஒருவர் போக வேண்டும். சுகுணாவுக்கு ஆசை வந்துவிட்டது. ஆலங்குடி என்றால் வீட்டு வாசல் மாதிரி. இப்போது அவள் இரண்டு பஸ் மாறி வீடு சேரும்போது, இரண்டாம் வகுப்புப் படிக்கிற மகள் காவ்யா ஹோம்வொர்க் முடித்து, சாப்பிட்டு, பாதித் தூக்கத்தில் இருப்பாள். அப்பா திருமுருகன் சிங்கப்பூரில். அம்மா புதுக்கோட்டையில். பிள்ளை பாவம், மாப்ள, பீரங்கி கதைகளைக் காலையில் தலை பின்னும்போது மட்டும்தான் கேட்கும்.

பாலாஜிக்கும் அந்த வேலை வேண்டும். சின்னதாக இருந்தாலும் அது பதவி அல்லவா!

குணசேகரனுக்கு மேடை ஆசை உண்டு. ஊர்த் திருவிழாப் பட்டிமன்றங்களில் முன்வரிசையில் உட்கார்ந்து வளர்ந்தவர். ஆபீஸ் பொங்கலுக்கு மொட்டை மாடியில் பட்டிமன்றம் என்று சொல்லிவிட்டார். தலைப்பு: 'குவார்ட்டர்பேக்குக்குப் பெருமை சேர்ப்பது கையா, மனசா?' நடுவர், வேறு யார், அவரேதான். "புதுப் புள்ளைங்க முன்னாடி ஒக்காந்திருப்பாங்க. யாரு பேசுறது அவங்களுக்குப் புரியுதோ, அவங்கதான் ஆலங்குடிக்கு. நீங்க வேண்டியதில்ல, நான் வேண்டியதில்ல, புள்ளைங்களே கைதூக்கட்டும்."

பொங்கல் பொங்கி, குலவை போட்டு, ஆளுக்கொரு கரும்பைக் கடித்த பிறகு பட்டிமன்றம் தொடங்கியது. பாலாஜி பேச்சிலேயே மாடியை அதிரவைத்தான். ஒரு துண்டை இறுகச் சுருட்டி, கயிறு கட்டிப் பந்தாக்கிக் கொண்டு வந்திருந்தான். பேசிக்கொண்டே அதைத் தூக்கி எறிந்தான். தண்ணீர்த் தொட்டி அருகே நின்ற அவன் கூட்டாளி அதைத் தாவிப் பிடித்தான். "இதான் கை! இந்தக் கை இல்லாட்டி மனச வச்சிக்கிட்டுப் பொங்கலா வைக்கிறது?" புதுப் பிள்ளைகள் விசில் அடித்தார்கள்.

சுகுணா எழுந்தாள்.

"நடுவர் அவர்களே! எங்க மாப்ளையப் பாருங்க. ஆட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் தன் ஆளுங்களப் பாத்துக் கை தட்டுவான். 'நீங்க நல்லா ஆடுறீங்கடா'ன்னு பாராட்டிட்டுத்தான் பந்தையே தொடுவான். இந்த மனசு யாருக்கு வரும்?"

கைதட்டல் எழுந்தது. பிரகதீஸ்வரி குலவை போடவே ஆயத்தமாகிவிட்டாள். அப்போது பாலாஜி சாவகாசமாக எழுந்தான். முகத்தில் அத்தனை சந்தோஷம்.

"நடுவர் அவர்களே, ஒரு சின்னத் திருத்தம். முந்தாநாள் கிளையன்ட் போன்ல வந்தப்ப இதக் கேட்டேன். அது பாராட்டு இல்லீங்க. 'பந்த எங்கிட்ட குடு'ன்னு சைகை. அவ்வளவுதான். டீக்கடையில கை தட்டிக் கூப்புடுறோமே, அந்த மாதிரி!"

மாடியே சிரித்தது. புதுப் பிள்ளைகள் ஒருவர் தோளில் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். நடுவருக்கே கண்ணில் தண்ணீர். இத்தனை காலம் சத்தம் இல்லாத படத்தைப் பார்த்துப் பார்த்து, சுகுணா மட்டுமல்ல, ஆபீஸில் பாதிப் பேர் அந்தக் கைதட்டலைப் பாராட்டு என்றுதான் நம்பியிருந்தார்கள். ஆனால் மேடையில் நிற்பவள் அவள் ஒருத்திதானே. காது மடல் சுட்டது. ஆலங்குடியும் போச்சு, மானமும் போச்சு, உட்கார்ந்துவிடலாம் என்று ஒரு கணம் திரும்பினாள்.

திரும்பியவள் நின்றாள். மாப்ள விழுந்தால் என்ன செய்வான் என்று இத்தனை நாள் ஊருக்கெல்லாம் சொன்னவள் அவள். சேலை மடிப்பில் புல் ஏதும் ஒட்டியிருக்கவில்லை. இருந்தாலும் ஒருமுறை தட்டிவிட்டுக்கொண்டாள். சிரிப்பு வந்துவிட்டது.

"சரி தம்பி, இந்தப் பந்து ஒனக்கு. அடுத்த பந்துக்கு வாரேன். அந்தத் துண்ட இங்கிட்டுக் குடு."

பாலாஜி கட்டிய பந்தின் கயிற்றை அவிழ்த்தாள். பந்து துண்டானது. அதை உதறிக்கொண்டு புதுப் பிள்ளைகளைப் பார்த்தாள்.

"ஆலங்குடிப் புள்ளைங்களா, புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுல சாயங்காலம் பஸ் ஏறியிருக்கீங்களா?"

"ஏறியிருக்கோம்க்கா!"

"பஸ் வளைஞ்சு உள்ள வரும்போது எடம் புடிக்க என்ன பண்ணுவீங்க?"

"துண்டு போடுவோம்!"

"நிக்கிற பஸ்ஸுக்கா?"

"ஓடுற பஸ்ஸுக்கு!"

"எந்த சன்னலுக்குப் போடணும்? நேரா கண்ணுக்கு முன்னாடி தெரியிற சன்னலுக்கு எறிஞ்சா என்ன ஆகும்?"

முன்வரிசைப் பெண் ஒருத்தி துள்ளினாள். "பஸ் தாண்டிப் போயிரும்க்கா. துண்டு பின்னாடி சீட்டு ஆளு மூஞ்சியில விழும்!"

"அப்ப?"

"சன்னல் வரப்போற எடத்துக்கு எறியணும்!"

"எறியிறப்ப அங்கிட்டு சன்னல் இருக்கா?"

"இல்ல!"

"அதான்த்தா குவார்ட்டர்பேக்கு." சுகுணாவின் குரல் இப்போது கணீரென்று வந்தது. "சுத்தி முன்னூறு பேரு இடிப்பான். பொட்டிய வச்சுக் கால மிதிப்பான். ஒங்க பக்கத்து வீட்டு அண்ணன் இருந்தா 'இரு, நீ எறி'ன்னு கைய விரிச்சுக் கூட்டத்த மறிப்பாரு. மாப்ளையச் சுத்தி நின்னு மறிக்கிற ஆளுங்க அந்த அண்ணன் மாதிரிதான். பதறாம நின்னு, இன்னும் வராத சன்னலுக்கு எறியிறவன்தான் பெரிய ஆளு. கை வேணாங்கல நானு. பாலாஜி தம்பி கை நல்ல கை. எந்த நேரத்துல, எந்த எடத்துக்குன்னு மனசு சொல்லணும். அது தப்பிப்போயித் துண்டு கீழ விழுந்துச்சுன்னா, அழுதுக்கிட்டு நிக்கக் கூடாது. அடுத்த பஸ்ஸு வரும். திரும்பவும் எறியணும்."

நடுவர் மணி அடிக்க மறந்துபோனார். ஒரு பையன் எழுந்து, "அக்கா, அப்ப எதிராளி பந்தப் பறிக்கிறது?" என்று கேட்டான். "நம்ம துண்ட எடுத்துக் கீழ போட்டுட்டு ஒக்காந்துக்கிறவன் இருக்கான்ல, அவன்தான்!" என்றாள். பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். அவர்களுக்கு ஆட்டம் புரிந்துவிட்டது.

கைதூக்கச் சொன்னார் குணசேகரன். எண்ணிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. பாலாஜியும் ஒரு கையைத் தூக்கியிருந்தான். "என்னய்யா, நீ போட்டியாளருய்யா" என்றார் நடுவர். "எனக்கும் இன்னைக்குத்தான் சார் புரிஞ்சுச்சு" என்றான் அந்தப் பயல். அவன் பேரில் சுகுணாவுக்கு இருந்த கொஞ்சநஞ்சக் கோபமும் அத்தோடு கரைந்தது. துண்டை மடித்து, பொன்னாடைபோல் அவன் தோளில் போர்த்தினாள்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு வரை பாலாஜியும் கூடவே வந்தான். ஆலங்குடி பஸ் வளைந்து உள்ளே வந்தது. "இருங்கக்கா, நான் போடுறேன்" என்று துண்டை வீசினான். வேகம் பிரமாதம். துண்டு சன்னல்களையெல்லாம் விட்டுவிட்டு, பின்வாசலில் தொங்கிய கண்டக்டரின் தலையில் போய் முக்காடு போட்டது. அவர் வைத வசவை இங்கே எழுத முடியாது. சுகுணா வயிறு வலிக்கச் சிரித்தபடி இரண்டு எட்டு முன்னால் போய், தன் சாப்பாட்டுப் பையை, சன்னல் இல்லாத இடத்தைப் பார்த்து எறிந்தாள். சன்னல் வந்தது. பை உள்ளே போனது.

சீட்டில் உட்கார்ந்தவுடன் வீட்டுக்குப் போன் போட்டாள். காவ்யாதான் எடுத்தாள்.

"பாப்பா, அடுத்த மாசத்துலேருந்து அம்மா ஆலங்குடியிலதான். பொழுதோட வந்துருவேன். ஹோம்வொர்க் எல்லாம் அம்மாகிட்டதான்."

"அய்யய்யோ!" என்றாள் காவ்யா முதலில். பிறகு தொண்டை கிழியக் கத்தினாள். அதைக் கேட்டுச் சொர்ணம் ஓடிவருவது போனிலேயே கேட்டது. கத்தி முடித்துவிட்டுப் பிள்ளை மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள்.

"அப்ப மாப்ள ஜெயிச்சிட்டாரா அம்மா?"

"அவரு இல்லடி," என்றாள் சுகுணா, பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி. "அம்மா ஜெயிச்சிட்டேன்!"