உத்தரத்தில் காது வைத்தவன்

பழைய மரக்கடையில் எந்த வேலையையும் பயமில்லாமல் பார்த்துவிடலாம். "இது தாங்கும்" என்று சொல்லுகிற வேலையை மட்டும் பயந்துகொண்டேதான் பார்க்க வேண்டும். அறுபதுகளின் கடைசியில் காஞ்சிபுரத்தில் அந்த வேலைதான் எனக்கு வாய்த்தது. ஒன்றைச் சொல்லிவிட்டு, அது சரியாக இருக்க வேண்டுமே என்று சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தவர் யாராவது இதைப் படித்தால், நமக்குள் அறிமுகம் தேவையில்லை.

வேலை கிடைத்த விதம்

அப்போது சிமெண்டுக்குப் பெர்மிட் வாங்க வேண்டும். மனு கொடுத்துவிட்டு நடையாய் நடப்பார்கள். நடந்து அலுத்தவர்கள் எங்கள் கடைக்கு வருவார்கள். எங்கே பழைய வீடு இடிக்கிறார்களோ அங்கே போய் உத்தரம், கைமரம், நிலை, கதவு எல்லாவற்றையும் முதலாளி நயினார் வாங்கி வந்துவிடுவார். ஓரம் உடைந்தது, துளை விழுந்தது என்று எதையும் அவர் தள்ளமாட்டார். உத்தரம் பழுதானால் நிலை ஆகும், நிலை பழுதானால் சன்னல் சட்டம் ஆகும், அதுவும் போனால் சுவரில் ஆணி அடிக்கிற முளை. மூன்று வீட்டுத் துளைகளோடு நான்காவது வீட்டுக்குப் போன தேக்கை நானே வண்டியில் ஏற்றியிருக்கிறேன். எங்கள் கடைக்காக ஒரு மரமும் வெட்டுப்படவில்லை.

நயினார் திருப்பருத்திக்குன்றத்துக்காரர், சமணர். அவருக்குக் காது மந்தமாகிக்கொண்டிருந்தது. கட்டையின் ஒரு முனையில் சுத்தியால் தட்டி, மறுமுனையில் காது வைத்துக் கேட்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. நான் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. அதனால் வேறெங்கும் வேலை கிடைக்கவில்லை. ஒரு கட்டையைத் தட்டி, என்ன கேட்கிறது என்று கேட்டார். "கணீர்னு இருக்குதுங்க" என்றேன். நான் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை, முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

"எனக்குக் காது போச்சு, உனக்கு வாய் இல்ல. ரெண்டு பேரும் சேந்து ஒரு முழு ஆளு. நாளைக்கு வந்துடு" என்றார்.

வேலியோரத்துக் குடித்தனம்

மரத்துக்குள் வண்டுப்புழு இருந்தால் மற்ற கடைகளில் மருந்து ஊற்றுவார்கள். நயினார் ஊற்றமாட்டார். அவர்கள் வழியில் புழுவையும் கொல்லக்கூடாது. அந்தக் கட்டையைப் பின்பக்கத்து வேலியோரம் கிடத்திவிடுவார். உள்ளே இருக்கிற புழு வண்டாகித் துளைத்துக்கொண்டு தானாகப் பறந்து போகிறவரை கட்டை அங்கேயே கிடக்கும். ஒரு வருஷம் கிடந்ததும் உண்டு. எல்லாம் போய்விட்டதா என்று சொல்ல வேண்டியது நான். காதை வைத்தால் உள்ளே 'கொறுக் கொறுக்' என்று கேட்கும். கேட்கவில்லை என்றால் காலி.

பஸ் ஸ்டாண்டு பக்கம் வீடு கட்டிக்கொண்டிருந்த ஒரு மேஸ்திரிக்கு வேலியோரத்துத் தேக்கு மேல் கண். மண்ணெண்ணெய் ஊற்றினால் அரை மணியில் முடிந்துவிடும் என்று கெஞ்சிப் பார்த்தார். நயினார் சிரித்துக்கொண்டு வெற்றிலை நீட்டினார். மேஸ்திரி வெற்றிலையை வாங்கிக்கொண்டு என்னிடம் சொன்னார்:

"புழுவுக்கெல்லாம் தேக்குல வீடு குடுத்துட்டு, மனுசன நடுத்தெருவுல நிக்க வெக்கிறீங்களேப்பா."

நான் சொன்ன 'காலி'

செவிலிமேட்டில் புது வீடு கட்டிக்கொண்டிருந்தார் மாணிக்கம். தறிக்காரர். தறிக்கு மேல் சேலையில் பூ விழவைக்கிற ஜக்கார்டு பெட்டி உட்கார வேண்டும், அதனால் உயரமான கூடம், அதைத் தாங்க நீளமான உத்தரம். சிமெண்டு பெர்மிட் வரவில்லை. அவருக்குப் பொருத்தமான நீளத்தில் ஒரே ஒரு கட்டைதான் எங்களிடம் இருந்தது, அதுவும் வேலியோரத்தில்.

ஐப்பசி மாதம். நாலு நாளாக மழை. விட்டிருந்த ஒரு காலையில், ஈரத்தில் மண்டியிட்டு, இரண்டு முனையிலும் நடுவிலும் காது வைத்தேன். ஒரு சத்தமும் இல்லை. நயினாரிடம் போய்க் கையை விரித்துக் காட்டினேன்: காலி. அன்றைக்கே கட்டை வண்டி ஏறியது. வண்டியின் பின்னால் நடந்த மாணிக்கம் திரும்பி வந்து என் தோளைத் தட்டினார்.

"என் தலை, என் பொண்டாட்டி தலை, ரெண்டையும் உன் காதை நம்பி அதுக்குக் கீழ வெக்கிறேன்பா" என்றார்.

வெயில் அடித்த நாள்

தை பிறந்து நல்ல வெயில். அதே மழைக்காலையில் நான் 'காலி' சொல்லி, விற்காமல் கிடந்த வேறொரு கட்டை மேல் மத்தியானம் சாய்ந்து உட்கார்ந்தேன். முதுகுக்குப் பின்னால் ஏதோ நறநறத்தது. காதை வைத்தேன். கொறுக் கொறுக். ஒன்றல்ல, பல. குளிரில் தின்னாமல் முடங்கிக் கிடந்தவை வெயில் பட்டதும் தின்ன ஆரம்பித்திருக்கின்றன. அதே காலையில், அதே காதால் கேட்ட மாணிக்கத்தின் உத்தரம் இரண்டு மாதமாக மேலே இருக்கிறது.

எழுந்து ஓடினேன். எங்கள் ஆசாரி கன்னியப்பனிடம் சொன்னேன். அவர் உளியைக் கீழே வைத்தார்.

"குளுருல நீயும்தான் போர்வைக்குள்ள சத்தமில்லாம கெடப்ப. உன்னை யாராவது காலின்னு எழுதிட்டாங்களா?"

செவிலிமேடு

சைக்கிளில் போகும்போது இடிந்த வீடு ஒன்றைத்தான் வழியெல்லாம் மனசுக்குள் பார்த்துக்கொண்டு போனேன். வீடு நின்றிருந்தது. உள்ளே தறி ஓடும் சத்தம். மாணிக்கம் தறிக்குழியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருக்கிறார், அவர் மனைவி சரோஜா பக்கத்தில் உட்கார்ந்து நூல் சுற்றுகிறார். தறியில் நீட்டியிருந்த அரக்கு நிறப் பாவு நூல் மேல் மெல்லிய மஞ்சள் தூள். சரோஜா அதைத் துணியால் தட்டிவிட்டுக்கொண்டே, "புதுத் தளம் இல்ல, கொட்டிக்கினே இருக்குது" என்றார்.

அது தளத்திலிருந்து கொட்டவில்லை. சுண்ணாம்பு வெள்ளையாக இருக்கும், இது புழு தின்ற மர மாவு.

"வெளிய வாங்க" என்றேன். தறிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன். மாணிக்கம் சிரித்து, உட்காரச் சொல்லிக் கை காட்டினார். மூன்றாவது முறை சொல்ல நான் நிற்கவில்லை. குனிந்து ஊடை நூல் ஓட்டும் நாடாவை இழுக்கும் அவர் கையைப் பிடித்துவிட்டேன். ஓடுகிற தறியில் நெய்கிறவர் கையை வெளியாள் பிடிப்பது என்பது அந்த ஊரில் அடி வாங்குகிற காரியம். தறி நின்றது. விஷயத்தைச் சொன்னேன். இருவரும் ஒரே நேரத்தில் மேலே பார்த்தார்கள்.

வாசலுக்கு வந்ததும் சரோஜா சொன்னார்:

"இவ்ளோ மெதுவா சொன்னா, வீடு விழுந்தப்புறம்தாம்பா எங்களுக்குக் கேக்கும்."

துரப்பணம்

கன்னியப்பன் சொல்லி, ஒரு மணி நேரத்தில் நயினார் அவரையும் பனங்கட்டைகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அவற்றை முட்டுக் கொடுத்த பிறகு கன்னியப்பன் ஏணியில் ஏறித் துரப்பணத்தால் துளை போட்டார். கீழே நின்று விழுவதைப் பார்ப்பது என் வேலை. முதலில் மாவு. இன்னும் மாவு. மாணிக்கம் என் பக்கம் பார்க்கவில்லை, நான் அவரைப் பார்க்கவில்லை. அப்புறம், இரண்டு விரற்கடை ஆழத்தில், சுருள் சுருளாகத் தேன் நிறத்தில் சீவல் விழுந்தது. நடுமரத்தின் வைரம். வெளிப்பக்கத்து வெண்மரத்தைத்தான் தின்றிருந்தன, வைரத்தில் பல் படவில்லை. சுவருக்குள் செருகிய ஒரு முனை மட்டும் முழம் நீளத்துக்கு மாவு. இன்னொரு மழையை அது தாங்கியிருக்காது.

அந்த முனையை அறுத்து எடுத்து, சுவரிலிருந்து வெளியே நீட்டிக் கருங்கல் பதித்து, உத்தரத்தை அதன் மேல் உட்காரவைத்தோம். சுற்றிலும் இருந்த வெண்மரத்தைக் கன்னியப்பன் வாய்ச்சியால் செதுக்கி எடுத்தார். கான்கிரீட்டாக இருந்திருந்தால் வீட்டையே இடித்திருக்க வேண்டும். செதுக்கியதையும் அறுத்ததையும், உள்ளே இருந்த புழுக்களோடு, நயினார் சாக்கில் கட்டி வண்டியில் வைத்துக்கொண்டார்.

எல்லாம் முடிந்து, உச்சி வெயில் தளத்தைச் சுட்டுக்கொண்டிருந்த மறுநாள், நயினார் எல்லோர் முன்னாலும் என்னிடம் கேட்டார்: "தாங்குமா?" நான் ஏணியில் ஏறினேன். முனையில், நடுவில், மறுமுனையில் காது வைத்தேன். என் நெஞ்சு அடிப்பதுதான் கேட்டது. இறங்கி, ஏணிக்கால் கையில் ஆட, "தாங்கும்" என்றேன்.

மாணிக்கம் தறிக்குழிக்குள் காலை இறக்கினார்.

"நடுங்கிக்கினே சொல்ற பாரு, இதான்பா எனக்குத் தைரியமா இருக்குது. அன்னிக்கு நீ நடுங்கவே இல்ல."

இந்த ஊரில் எத்தனையோ கூரைகளைத் தேக்கும் பனையும் பயமில்லாமல் தாங்கிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் பங்குப் பயத்தையும் சேர்த்து நான் ஒருவனே பட்டுக்கொள்கிறேன்.